ஏறி வருகிறவனுக்கு வழி விடுங்கள்

வேதவாசிப்பு: 1 கொரிந்தியர் 9:24–27, அப்போஸ்தலர் 18:1–4

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



சென்ற மாதம் நம் சபைக் கமிட்டியின் முன் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. இரண்டும் ஒரே காரியத்தைக் குறித்தவை. சனிக்கிழமை மாலைகளில் சமவெளியிலிருந்து மலையேறி வருகிற சிலர், நம் ஆலய வளாகத்தின் ஓரத்தில், பலாமரங்களின் கீழ், தங்கள் வண்டிகளை நிறுத்தி இரவு தங்குகிறார்கள். வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்கிறது முதல் விண்ணப்பம். இரவுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினால் ஆலயக் கூரைக்கு ஓடு மாற்றலாமே என்கிறது இரண்டாவது. கமிட்டி முடிவெடுக்குமுன் உங்கள் போதகனாகிய நான் என் மனதிலுள்ளதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வருகிறவர்கள் யார்? அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் நம் வளப்பூர் நாட்டுக்கு மக்கள் வருவது நமக்குப் பழகிய ஒன்று. இவர்கள் வேறு வகையினர். காரவள்ளி வழியாய் வரும் சாலையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே வருகிறவர்கள். ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள், அவற்றின் பின்னே ஒரு வேன். வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. சினிமா நடிகர்களுக்கே உரியது என்று நாம் நினைத்திருந்த கேரவனின் ஏழைத் தம்பி என்று அதைச் சொல்லலாம். கேரள அரசு 2021ஆம் ஆண்டிலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. எனவே இது இன்றோடு முடிகிற காரியமல்ல.

உலகின் வேறு பகுதிகளில் இது பெரியதொரு வாழ்க்கைமுறை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நாக்ஸ்வில் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே அரை மைல் சுற்றளவுள்ள மண் தடத்தில் 1961 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் தேசியப் பந்தயம் நடக்கிறது. வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு வந்து, தடத்தின் அருகே நாட்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் ஏராளம். நம் நாட்டிலும் கோயம்புத்தூர்ப் பகுதியில் இரு சக்கர வாகனங்களுக்கான மண் தடப் பந்தயங்கள் முறைப்படி நடந்துவருகின்றன. ஓட்டத்துக்கு முன் மண்ணுக்கு நீர் தெளித்து இறுக்குவார்கள். நீர் குறைந்தால் புழுதி கண்ணை மறைக்கும்; மிகுந்தால் சக்கரம் வழுக்கும். மண்ணின் பதம் அறிந்தவனே அதில் நிலைநிற்பான்.

பந்தயமும் அதைச் சுற்றிலும் கூடாரங்களும் நம் காலத்தில் தோன்றியவை என்று எண்ணவேண்டாம். அப்போஸ்தலனாகிய பவுல் பதினெட்டு மாதம் தங்கியிருந்த கொரிந்து பட்டணத்துக்கு அருகே, இஸ்த்மியா என்னுமிடத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. மனிதர் ஓடினார்கள், தேர்கள் ஓடின. அதுவும் மண் தடமே. வென்றவன் தலையில் சூட்டப்பட்டது வாடிப்போகிற இலைக் கிரீடம். திரண்டு வந்த ஜனங்களில் பலர் கூடாரங்களில் தங்கினார்கள். பவுலோ கூடாரம் செய்கிற தொழிலாளி. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு அமர்ந்து அவர் தைத்த கூடாரங்களில் சில அந்த விழாக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம் என்று வேதபண்டிதர் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கு நிழல் கொடுத்த கைதான் சபைக்கு நிருபமும் எழுதியது. ஓட்டக்காரனை அவர் இகழவில்லை. அவனுடைய இச்சையடக்கத்தை நமக்கு மாதிரியாக வைத்தார். அழிந்துபோகும் கிரீடத்துக்காக அவன் இவ்வளவு பாடுபடும்போது, அழியாத ஒன்றை நாடுகிற நாம் எவ்வளவு கருத்தாயிருக்க வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

இதை வேதாகமக் கல்லூரியில் வாசித்தவன் நான். ஆயினும் அந்தப் பாடம் என் இருதயத்துக்குள் இறங்க ஓர் இரவு தேவைப்பட்டது. அதை அறிக்கையிட்டே நான் மேலே எழுதவேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு முன், மார்கழிப் பனி இறங்கியிருந்த ஒரு சனிக்கிழமை இரவு. பத்து மணி கடந்தும் பலாமரத்தடியில் இன்ஜின் உறுமுகிற சத்தம். மறுநாள் பிரசங்கத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நான் டார்ச் விளக்கோடு வெளியே போனேன். இது தேவனுடைய வீடு, பந்தயக்காரரின் சத்திரம் அல்ல என்று கடிந்து பேசினேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பாய்களைச் சுருட்டினார்கள், அடுப்பை அணைத்தார்கள், புறப்பட்டார்கள். வண்டிகளின் பின்விளக்குகள் மூடுபனிக்குள் மறைந்தபிறகே நான் செய்தது இன்னதென்று எனக்குப் புரிந்தது. ஆறு பேரை, எதிரே பத்தடி தெரியாத இரவில், எழுபது வளைவுகளின்மேல் அனுப்பிவிட்டேன். அவர்களுடைய பெயர் தெரியாது, தொலைபேசி எண் தெரியாது. மறுநாள் நான் பிரசங்கிக்க எடுத்திருந்த வசனமோ அந்நியரை உபசரிப்பதைக் குறித்த எபிரெயர் 13:2. அன்று என் பிரசங்கம் ஏன் பாதியில் தடுமாறியது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். காரணம் இதுவே.

மூன்று வாரம் கழித்து அதே வேன் வந்தது. தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா என்று அவர்களில் மூத்தவர் என் வாசலில் நின்று கேட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, "எங்க பேரிலும் தப்பு இருக்குதுங்க ஐயா" என்றார். சமவெளியில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். மண் தடப் பந்தயங்களுக்கு மெக்கானிக்காகப் போகிறவர். பந்தயத்துக்கு முந்தின இரவு வண்டியின் பக்கத்திலேயே படுத்துப் பழகியதால்தான் இந்த வேன் என்றார். தடத்தில் ஓட்டுகிற பையன்கள் இந்த மலைச்சாலையில் வேகம் காட்டுவது உண்டா என்று கேட்டேன். "தடத்தில எதிர்ல வண்டி வராதுங்க ஐயா. ரோட்டில வரும். அதைத் தெரிஞ்சவன் ரோட்டில ரேஸ் ஓட்டமாட்டான்" என்றார்.

பிரியமானவர்களே, இந்தக் காரியத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த சொல் அதுவே. பந்தயத் தடத்தில் ஓடுமுன் வண்டியைச் சோதிக்கிறார்கள். தலைக்கவசமும் காப்பு உடையும் இல்லாதவனுக்கு இடமில்லை. மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது; சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டம் நின்றுவிடும். ஆம்புலன்ஸ் ஆயத்தமாய் நிற்கும். அங்கே ஓடுகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான் என்றால், அதை அறிந்து வைக்கிறான். மலைச்சாலையில் பந்தயம் ஓடுகிறவனோ தன்னைக் கேளாமலேயே பிறனுடைய உயிரைப் பணயம் வைக்கிறான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அரசின் அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை 189ஆம் பிரிவில் குற்றமாக்கியிருப்பது இதனால்தான்.

அப்படி ஓடுகிறவர்கள் வெளியூரார் மட்டுமா? நம் பிள்ளைகளைக் குறித்துப் பேசாமல் விருந்தினரைக் குறித்து மட்டும் பேசுவது மாய்மாலம். எழுபதாம் வளைவிலிருந்து முதல் வளைவுக்கு இத்தனை நிமிடத்தில் இறங்கினேன் என்று செல்போனில் படம் காட்டுகிற வாலிபர் நம் பாடகர் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தான். நாம் ஊக்கமாய் ஜெபித்தோம், அவன் எழுந்தான். ஆனால் அவன் மோதியது மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த நம் சகோதரர் ஒருவரின் மொபெட்டில். அவருடைய இடக்கை இன்றும் முழுதாய் மடங்குவதில்லை. அவருக்காக நாம் எத்தனை முறை ஜெபித்தோம் என்று எண்ணிப்பாருங்கள்.

இனி விண்ணப்பங்களுக்கு வருகிறேன். சங்கிலி போடவேண்டும் என்கிறவர்களுக்கு: நம் முன்னோர் வாசலில் சங்கிலி போட்டிருந்தால் இந்த ஆலயம் இங்கே இராது. வண்டிச்சாலை இல்லாத காலத்தில் ஜெஸி பிராண்டும் ஈவ்லினும் அந்நியராய் இம்மலைக்கு வந்தார்கள். 1914ஆம் ஆண்டு அவர்களுக்குப் பிறந்த பால் பிராண்ட் பின்னாளில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை மருத்துவராய் உலகெங்கும் அறியப்பட்டார். ஜெஸி 1929ஆம் ஆண்டு காய்ச்சலில் மரித்தார். ஈவ்லின் அம்மையார் முதிர்ந்த வயதிலும் மட்டக்குதிரையின்மேல் ஊர் ஊராய்ப் போய், 1974ஆம் ஆண்டு காலமானார். இன்னார் என்று தெரியாதவர்களுக்கு நம் பாட்டன்மார் இடங்கொடுத்தார்கள்.

வாடகை வாங்கலாம் என்கிறவர்களுக்கு: பணம் வாங்குவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கூரைக்காக வாங்கத் தொடங்கினால், எத்தனை வண்டி வந்தது என்று எண்ணுவோம். எப்படிப்பட்ட ஓட்டம் ஓடினார்கள் என்று கேட்கமாட்டோம். ஆகையால் விருப்பமுள்ளவர்கள் கொடுப்பதைக் கழிப்பறைக்கும் குப்பை அகற்றுவதற்கும் மாத்திரம் செலவிடுவோம். கூரையை நாமே மாற்றுவோம்.

என் ஆலோசனை இதுவே. வளாகம் திறந்திருக்கட்டும். ஒன்பது மணிக்குமேல் இன்ஜின் சத்தம் வேண்டாம். மதுவும் கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம். மலைச்சாலையில் பந்தயம் ஓடுகிறவருக்கு இங்கே இடமில்லை. இந்த மூன்றையும் பலகையில் எழுதி வைப்போம். அதே பலகையை முதலாவது நம் வாலிபர் கூட்டத்தில் வாசிப்போம்.

மலைச்சாலைக்குப் பழைய விதியொன்று உண்டு. குறுகலான இடத்தில் இறங்கி வருகிறவன் நின்று, ஏறி வருகிறவனுக்கு வழி விடவேண்டும். பாரத்தோடு ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடியும் கிளம்புவது கடினம். உயரத்திலிருந்து வருகிறவனுக்கோ நிற்பது எளிது. உன்னதத்திலிருந்து இறங்கி வந்த நம் ஆண்டவரும் தம் உரிமையைப் பிடித்துக்கொண்டிராமல், பாரம் சுமந்து ஏறுகிற நமக்காக வழி விட்டு நின்றார். அவருடைய பிள்ளைகள் இந்த எழுபது வளைவுகளிலும் அப்படியே நிற்கக் கற்றுக்கொள்வோமாக.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் வாசலில் தங்குகிறவர்களை இந்த இரவில் காத்தருளும். எங்கள் வாலிபரின் கைகளுக்கு நிதானத்தையும், எங்கள் நாவுக்குப் பொறுமையையும் தாரும். எங்கள் ஓட்டத்தால் ஒருவரும் விழாதபடி எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.