கைப்பேசி இருந்தால் போதுமா? கைத்துணை வேண்டாமா?



இந்தப் பகுதியில் வழக்கமாக இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், குடற்புழு, பிள்ளைகளுக்குப் போடும் ஊசி என்றுதான் எழுதுவேன். இம்முறை கைப்பேசியைப் பற்றி எழுதுகிறேன். "டிரெஸருக்கு இது என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் லயத்தில் ஒருவருக்கு மருந்து வேளையில் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இன்று பல சமயம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருக்கும் செயலியைப் பொறுத்ததாகிவிட்டது. ஆகவே இதுவும் சுகாதார விஷயந்தான்.

அடுத்தவர் குறையைச் சொல்லுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

2020 ஏப்ரலில் நம் அரசாங்கம் மைசெஜாத்ரா செயலியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பினாங்கு மாநிலம் பிஜிகேர் என்று தனியாக ஒன்றை நடத்தியது. கடை வாசலில் கட்டம் போட்ட படத்துக்கு நேரே கைப்பேசியைக் காட்டிவிட்டு உள்ளே போனோமே, நினைவிருக்கிறதா? கைப்பேசி இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். பிறகு 2021 பிப்ரவரி 24-ந் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பதிவு செய்ய வேறு வழிகளும் இருந்தன. என்றாலும் நம் தோட்டத்தில் எல்லாரும் நம்பியது மைசெஜாத்ராவைத்தான். பிரட்டு முடிந்ததும் வயதானவர்கள் அடையாளக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவராகப் பதிந்து கொடுத்தேன்.

அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. கைப்பேசி கிடையாது, படிப்பும் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் பேரனின் எண்ணைப் போட்டேன். "நான் பார்த்துக்கிறேன் டிரெஸர்" என்றான் பையன். நானும் அதோடு விட்டுவிட்டேன். பாட்டி மட்டும் காலையில் பார்க்கிறபோதெல்லாம் கேட்பார்: "தம்பி, நமக்கு ஊசி வந்திருச்சா?" நானும் பார்க்காமலே, "வரும் பாட்டி, வரும்" என்பேன்.

வந்துதான் இருந்தது. பேரனின் கைப்பேசி பழுதாகி அவன் வேறு எண்ணுக்கு மாறியிருந்தான். தேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒன்பது நாள் கழித்துத்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது. மறுபடி தேதி வாங்க அலைந்துகொண்டிருக்கும்போதே அந்த லயத்துக்குள் நோய் நுழைந்துவிட்டது. பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆக்சிஜன் வைத்து, பிழைத்து வந்தார். ஊசி போட்டிருந்தால் நோயே வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கத்தானே அந்த ஊசி? இன்றைக்கும் கோயில் படி ஏற அவருக்கு மூச்சு வாங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

பேரன் கெட்டவனல்ல. செயலியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நானும் வேண்டுமென்று விடவில்லை. பிறகு எங்கே போயிற்று கோளாறு? செயலிக்கும் பாட்டிக்கும் நடுவே, "இது என் பொறுப்பு" என்று நிற்க ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததும் அதுவே.

செயலியே வேண்டாம் என்கிற கட்சி அல்ல நான். 2022 மே முதல் தேதியோடு கடைகளில் மைசெஜாத்ராவைக் காட்டும் கட்டாயம் நீங்கியது. உடனே நம்மில் பலர் 'தொல்லை விட்டது' என்று அதை அழித்துவிட்டோம். அது தவறு. இன்று அரசாங்கக் கிளினிக்குக்கு முன்கூட்டியே நேரம் குறிப்பது அதில்தான். ஊசிப் பதிவு அதில் இருக்கிறது. டிங்கி பரவும் இடங்களையும் பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஒரு பிரஷர் மாத்திரைக்கு விடியற்காலையில் போய் எண் வாங்கி, மதியம்வரை காத்திருந்து, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டு வருவோம். நேரம் குறித்துக்கொண்டு போனால் அந்தச் சம்பளத்தில் பாதியாவது மிஞ்சும். ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கு, தேதியை ஒருநாள் முன்னதாக ஞாபகப்படுத்த ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு உதவி!

"காலம் மாறிப்போச்சு, எல்லாரும் கத்துக்கத்தான் வேணும்" என்று இளையவர்கள் சொல்கிறார்கள். கற்க முடிந்தவர்கள் கற்கட்டும். ஆனால் முப்பது வருஷம் பால் வெட்டிக் காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடி சில சமயம் ஏற்பதில்லை. கண்ணில் பூ விழுந்தவருக்கு அந்தச் சின்ன எழுத்து தெரிவதில்லை. அவர்களைப் பார்த்து, "செயலியில் பதியவில்லையா? அப்படியானால் போங்கள்" என்று ஒரு கவுண்டர் சொன்னால், அது மருத்துவமா?

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இந்தியாவில் 2021 மே மாதம், 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்கள் கோவின் என்னும் இணைய வழியில் பதிந்தால்தான் தடுப்பூசி என்று வைத்தார்கள். இணையமும் கைப்பேசியும் இல்லாத ஏழை என்ன செய்வான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. அந்த மாதக் கடைசிக்குள் நேரில் வந்து பதியவும் வழி விடப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊரில் உள்ள பெண்களையே பழக்கி, வீடு வீடாக அனுப்பி, இரத்தக் கொதிப்பும் இனிப்புநீரும் பார்த்து, மாத்திரையை வாசலிலேயே கொடுக்கிறார்கள். விவரங்களைப் பதிவதும் வருகிற அந்தப் பெண்ணின் வேலை. நோயாளி எந்தச் செயலியையும் திறக்க வேண்டியதில்லை. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. கவனியுங்கள் தோழர்களே! கருவி உதவி செய்கிறவர் கையில் இருக்கிறது. நோயாளியின் தலையில் சுமத்தப்படவில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2025 ஆகஸ்டு 31 முதல், வயது வந்த மலேசியர் ஒவ்வொருவருக்கும் சாரா உதவியாக 100 ரிங்கிட் வந்ததே, அதற்குச் செயலி கேட்டார்களா? இல்லை. அடையாளக் கார்டு போதும் என்றார்கள். முதல் நாள் கணினி திணறி, கடைகளில் வரிசை நீண்டது உண்மைதான். ஆனாலும் நான் சொன்ன பாட்டி அரிசியும் முட்டையும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக வந்தார். "இது என் கார்டு தம்பி. என் இடுப்புலயே இருக்கு. யார்கிட்டயும் கேட்டு நிக்க வேண்டாம்" என்றார். அந்த முகத்தில் இருந்த நிமிர்வை நான் 2021-ல் பார்க்கவில்லை.

ஆகையால், சங்கத்தின் முன்னும் உங்கள் முன்னும் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. லயத்துக்கு ஒரு கைத்துணை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை யாராவது நிச்சயம் இருக்கும். பெண் பிள்ளையாக இருந்தால் தாய்மார்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள். வாரம் ஒருநாள் மாலையில் லயத்தைச் சுற்றி வந்து, யாருக்குக் கிளினிக் தேதி, யாருக்கு மருந்து தீர்ந்தது, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்று பார்க்கட்டும். ஒரு மணி நேர வேலை.

இரண்டு. கைப்பேசியில் இருப்பது தாளிலும் இருக்கட்டும். தேதி குறித்தவுடன் காலண்டரில் எழுதுங்கள். என் ஆஸ்பத்திரிச் சுவரில் இப்போது பெரிய அட்டை ஒன்று தொங்குகிறது. பெயரும் தேதியும் மட்டுமே அதில் இருக்கும்; நோயின் பெயர் இருக்காது. அட்டைக்குப் பேட்டரி தீராது, எண் மாறாது.

மூன்று. ஒருவருடைய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எண் மாறினால் அன்றைக்கே கிளினிக்கிலும் கைத்துணையிடமும் சொல்லுங்கள்.

நான்கு. இரகசியம் காக்க வேண்டும். கைத்துணையாக இருப்பவர் பார்த்ததைக் கடைத்தெருவில் பேசக்கூடாது. பெரிய இடங்களிலேயே ஓட்டை விழுகிறது: மைசெஜாத்ராவிலிருந்து 30 லட்சம் பேரின் தடுப்பூசி விவரங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆகவே அடையாளக் கார்டைப் படம் எடுத்துக் கண்டவருக்கும் அனுப்பாதீர்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புலனத்தில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்து, 'இதை ஏற்றிக்கொள்' என்று கேட்டால் தொடவே தொடாதீர்கள். அப்படி ஏற்றியவர்களின் வங்கிக் கணக்கைத் திருடர்கள் துடைத்திருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல், அந்த நிமிடமே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

ஐந்து. நிர்வாகத்திடமும் அதிகாரிகளிடமும் நாம் கேட்க வேண்டியது: தோட்ட ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயன்படுத்த இணைய வசதி, எந்தக் கவுண்டரிலும் செயலி இல்லாதவருக்கு ஒரு மனித வழி. இது சலுகையல்ல, உரிமை. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது மேசைமேல் வைக்கத் தகுந்த விஷயம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களையும் மறக்காதீர்கள். நம் மொழி தெரியாதவன், கைப்பேசியை வைத்துக்கொண்டும் வழி தெரியாமல் நிற்பான். அவனுக்குக் காய்ச்சல் கண்டாலும் அது நம் லயத்துக் காய்ச்சல்தான். கொசு கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டுக் கடிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. எந்தச் செயலியும் நாடி பார்க்காது. காய்ச்சல் விட்டதும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் என்று கண்டால், படத்தைத் தட்டிக்கொண்டிராமல் உடனே ஆளைக் கொண்டுவாருங்கள். டிங்கியில் காய்ச்சல் விடுகிற வேளைதான் அபாய வேளை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் 999.

போன மாதம் பாட்டிக்குக் கிளினிக் தேதி இருந்தது. முதல்நாள் மாலையே பக்கத்து வீட்டுப் பெண் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பாட்டி என்னைப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு நமக்கு கிளினிக்கு, தெரியுமில்ல?" என்று கேட்டார். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "தெரியும் பாட்டி. பத்து மணிக்கு."

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு பாட்டியின் மூச்சு விலையாயிற்று. உங்கள் லயத்தில் அந்த விலை கொடுக்காமலே கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியன்