பூந்தோட்டத்தின் கணக்கு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பாங்கர் நகரத்தின் அருகே பென்ரின் கோட்டை நிற்கிறது. சுற்றிலும் பரந்த பூங்கா. உயர்ந்த மதிலுக்குள் படிப்படியாக இறங்கும் பூந்தோட்டம். 1859-ல் விக்டோரியா மகாராணி விருந்துக்கு வந்து மரம் நட்ட இடம் இது. 1951-ல் இக்கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் பொறுப்புக்கு வந்தது. இன்று கட்டணம் செலுத்தி எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நல்லதுதான். பிரபுக்கள் உலாவிய பாதையில் சாமானிய மக்கள் உலாவுவதை நாம் வரவேற்கிறோம். பூக்களின்மீது நமக்குப் பகையில்லை. ஆனால் அந்தத் தோட்டம் யாருடைய ரத்தத்தில் தழைத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதல் பென்ரின் பிரபுவான ரிச்சர்ட் பென்னன்ட், ஜமைக்காத் தீவில் கரும்புத் தோட்டங்களின் சொந்தக்காரர். அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். சர்க்கரைப் பணம் வேல்ஸுக்கு வந்து சேர்ந்தது. லிவர்பூல் நகரின் எம்.பி.யாக இருந்த இவர், அடிமை வியாபாரத்தை ஒழிக்கக்கூடாது என்று பார்லிமெண்டிலேயே வாதாடினார். 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. நஷ்டஈடும் வழங்கப்பட்டது. யாருக்கு? சாட்டையடி பட்டவனுக்கா? இல்லை, சாட்டையின் சொந்தக்காரனுக்கு! 764 அடிமைகளுக்காக 14,683 பவுன் பெற்றுக்கொண்டார் பென்னன்ட்டின் வாரிசு. இந்தக் கோட்டையை எழுப்பியவரும் அவரே. அந்த 764 பேருக்கோ ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

சர்க்கரைப் பணம் சிலேட்டுக் கல்லில் முதலாகப் போடப்பட்டது. பக்கத்தில் பெத்தெஸ்தா என்ற ஊரில் மலையை வெட்டிக் கூரை வேயும் சிலேட்டை எடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகிலேயே மிகப் பெரிய சிலேட்டுக் குவாரி அதுதான்.

1900 ஏப்ரலில், குவாரிக்குள் சங்கச் சந்தா வசூலிக்கக்கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. தொழிலாளிகள் பேசி முடிவு செய்யும் கூலிமுறையை ஒழித்து, காண்டிராக்ட் முறையைப் புகுத்தவும் முனைந்தது. நவம்பர் 22 அன்று சுமார் 2,800 தொழிலாளிகள் வெளியேறினார்கள். ஒரு வாரமல்ல, ஒரு மாதமல்ல, மூன்று ஆண்டுகள் போராட்டம் நீடித்தது! அவர்களுடைய பாடகர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாடி நிதி திரட்டின.

1901 ஜூனில் சுமார் 400 பேர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆளுக்கொரு தங்கப் பவுன் கொடுத்தார் பிரபு. கருங்காலியின் விலை ஒரு பவுன்! உறுதியாக நின்றவர்களின் வீட்டு ஜன்னல்களில் ஓர் அட்டை தொங்கியது: “இந்த வீட்டில் துரோகி இல்லை.”

1903 நவம்பரில் பசி வென்றது. பலர் பிழைப்புத் தேடித் தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். ஊரில் தங்கிய குடும்பங்களில் பல, தலைமுறை தலைமுறையாகக் கோட்டை வாசலை மிதிக்கவே இல்லை.

2020-ல் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமைமுறையோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை அது எடுத்துச் சொன்னது. பென்ரினும் அதில் உண்டு. உடனே கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் சிலர் கொதித்தெழுந்தார்கள். தேசத்தின் பெருமைக்குக் களங்கமாம்!

நாம் கேட்கிறோம்: மகாராணி ஒரு நாள் மரம் நட்டது சரித்திரம், தொழிலாளிக் குடும்பங்கள் மூன்று ஆண்டு பட்டினி கிடந்தது சரித்திரம் இல்லையா? கரும்பு வெட்டியவனின் முதுகுத் தழும்பு களங்கமா, அந்தத் தழும்பை மறைப்பது களங்கமா?

தோட்டத்தை அழிக்கும்படி நாம் சொல்லவில்லை. மதிலுக்குக் கல் அடுக்கிய கையும், பாத்திக்கு மண் சுமந்த கையும் உழைப்பாளியின் கைகளே. ஆகவே அந்தத் தோட்டத்தின் அழகிலும் அவனுக்குப் பங்குண்டு. வாசற்கதவு திறந்தால் மட்டும் போதாது. கணக்குப் புத்தகமும் திறக்கப்பட வேண்டும். பார்க்க வரும் ஒவ்வொரு குழந்தையும் அதைப் படிக்க வேண்டும்.