உள்ளே பேசுவது யார்?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், முன்னர் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் மகள் என்னைக் காண வந்தாள். விறாந்தையில் அமர்ந்து நெடுநேரம் மௌனமாக இருந்தாள். பட்டப் படிப்பை முடித்து உத்தியோகம் பார்ப்பவள். அளந்து பேசும் இயல்பினள். அவளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கின்றார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கின்றார். சாதகம் பொருந்திவிட்டது. குடும்பமும் நல்ல குடும்பம். சீதனப் பேச்சிலும் பிணக்கு எதுவும் எழவில்லை.

“ஒரு குறையும் சொல்லேலாது, தாத்தா. ஆனா உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு ‘பொறு, பொறு’ எண்டு சொல்லிக்கொண்டே இருக்குது. காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அதை நம்பலாமோ?”

நான் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. உள்ளிருந்து எழுந்த குரலொன்று எனக்கு உயிரினும் இனிய இருவரைக் காத்துத் தந்ததுண்டு. உள்ளிருந்து எழுந்த குரலொன்றை நம்பி நான் ஒரு சிறுவனின் வாழ்வைக் கெடுத்ததும் உண்டு. இவ்விரண்டையும் அறிந்தவன் அவளுக்கு என்ன விடை சொல்வது? அன்று சொல்ல முடியாததை ஈண்டு எழுத முயல்கின்றேன்.

“மனம் ஒப்பவில்லை”, “நெஞ்சு இடிக்கிறது”, “உள்மனம் சொல்லிற்று” என்று நாம் நாள்தோறும் பேசுகின்றோம். நம் இலக்கியங்களும் இக்குரலை அறியாதன அல்ல. சிலப்பதிகாரத்திலே, மதுரையில் நிகழவிருக்கும் துயரைக் கண்ணகி முன்னரே கனவிற் கண்டு தேவந்திக்கு உரைக்கின்றாள். கோவலனும் தீக்கனவு கண்டு அதனை மாடலனுக்குக் கூறுகின்றான். எனினும் அவன் சிலம்பை விற்கச் செல்லாமல் நின்றுவிடவில்லை. இதனைப் படிக்கும்போதெல்லாம், ‘அந்தோ! உள்ளம் உரைத்ததைக் கேட்டிருக்கலாகாதா?’ என்று நாம் ஏங்குகின்றோம். ஆயின் உள்ளம் உரைப்பன யாவும் கேட்கத் தக்கனவா? இதுவே வினா.

முதலில் என்னைக் காத்த குரலைப் பற்றிச் சொல்கின்றேன்.

1976ஆம் ஆண்டு மார்கழி மாதம். வடமராட்சியில் ஒரு சிற்றூர். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வாடைக்காற்றும் மழையும் ஓயாத இரவு. ஊர் மருத்துவிச்சி ஆச்சி வந்திருந்தார். எழுத வாசிக்க அறியாதவர். எங்கள் ஊரில் பாதிப்பேரை உலகுக்குக் கொண்டுவந்த கைகள் அவருடையவை. எல்லாம் சரியாகவே நடப்பதாக வீட்டிலுள்ள பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர். ஆச்சி மட்டும் வெளியே வந்து என்னைத் தனியே அழைத்தார்.

“வாத்தியார், எனக்கு இது சரியாப் படேல்லை. பாத்துக்கொண்டு நிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

ஏன் என்று கேட்டேன். அவராற் சொல்ல முடியவில்லை. அவரது முகத்தை நோக்கினேன். மறுபேச்சுப் பேசாமல் அயல்வீட்டாரின் பழைய மொறிஸ் மைனர் காரைக் கேட்டு ஓடினேன். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்கமாட்டார்கள் என்று வைத்தியர் பின்னர் சொன்னார்.

பிள்ளைக்கு முப்பத்தொன்று கழித்த பின் ஆச்சியைக் கண்டு, எப்படி அறிந்தீர்கள் என்று வினவினேன். “கை சொல்லிச்சுது” என்றார். கை சொன்னது பிழைத்ததும் உண்டா என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “ரண்டு பிள்ளையள். இண்டைக்கும் கணக்கு வைச்சிருக்கிறன், வாத்தியார்.”

இவ்விடையின் ஆழத்தை நான் விளங்கிக்கொள்ள நெடுங்காலம் சென்றது. ஆச்சியின் கையிற் பேசியது தெய்வமோ வேறெதுவோ அன்று; அவர் கை பட்ட அத்தனை பிரசவங்களும், மறக்காது நெஞ்சில் வைத்திருந்த அவ்விரு தவறுகளுமே பேசின. அறிவு பழுத்துக் கைக்கு இறங்கிவிட்டது. ஆதலின் வாய்க்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இதனை உளநூலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். வில்லியம் சேஸ், ஹெர்பேட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் சதுரங்க ஆட்டக்காரரைக் கொண்டு நடத்திய ஆய்வை 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உண்மையான ஆட்டமொன்றின் நடுவிலுள்ள பலகையை ஐந்து விநாடி மாத்திரம் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களிற் பெரும்பாலானவற்றை அவை இருந்த இடத்திலேயே மீள வைத்துவிடுவர். புதியவரால் அது முடியாது. ஆனால், காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டினால் தேர்ந்தவருடைய திறமை ஏறக்குறைய மறைந்துவிடும். அவரும் புதியவர் போலவே தடுமாறுவர். ஆகவே அவரிடம் இருந்தது மாயக்கண் அன்று. பழகிய கோலங்களைக் கண்டவுடன் இனங்காணும் பயிற்சியே. உள்ளுணர்வு என்பது இவ்வாறு இனங்கண்டு கொள்ளுதலே என்பது சைமனின் முடிபு.

டானியல் கானெமான், கரி கிளைன் என்னும் இருவர் இவ்விடயத்தில் எதிரெதிர் அணியினர். முன்னவர் உள்ளுணர்வின் பிழைகளையே ஆராய்ந்தவர். பின்னவர் தீயணைப்பு வீரர் போன்றோரின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்தவர். இருவரும் நெடுநாள் வாதிட்டு, 2009ஆம் ஆண்டில் ஒருமித்த கருத்தோடு கட்டுரையொன்றை எழுதினர். உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு இருத்தல் வேண்டும் என்றனர். ஒன்று, அத்துறையிலே ஒழுங்கான அடையாளங்கள் இருத்தல். மற்றது, நெடுங்காலம் பழகித் தன் சரியையும் பிழையையும் உடனுக்குடன் அறியும் வாய்ப்பு இருத்தல். ஒருவர் எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்பது அளவுகோல் ஆகாது என்றும் எச்சரித்தனர். எழுத்தறியாத ஆச்சி கணக்கு வைத்திருந்தார் அல்லவா? அவ்விரு அறிஞர் கண்ட முடிபும் அதுவே.

இனி, நான் மறைக்க விரும்பும், ஆயினும் மறைத்தலாகாத மற்றைக் கதை.

1972ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்துமூன்று. ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். வகுப்பிலே சுற்றுலாவுக்கெனச் சேர்த்த 85 ரூபாவை மேசை லாச்சியில் வைத்தேன்; மாலையில் அது அங்கே இல்லை. நாற்பது பிள்ளைகளின் முகங்களையும் பார்த்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு சிறுவனிடம் என் கண் சென்று நின்றது. “இவன்தான்” என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. எத்துணைத் தெளிவான குரல்! ஆச்சி அன்றிரவு பேசியபோது அவர் குரலில் நடுக்கம் இருந்தது. என்னுள் எழுந்த குரலிலோ ஐயத்தின் நிழலும் இல்லை. அவனை எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் அவனுடைய புத்தகப் பையைக் கொட்டிச் சோதித்தேன். இரண்டு கொப்பிகளும் ஒரு துண்டு பென்சிலும் விழுந்தன.

திங்கட்கிழமை காலையிலே வரவு இடாப்பைத் திறந்தேன். அதன் பின்னட்டைக்குள் பணம் இருந்தது. நான் வைத்த இடத்தை நானே மறந்திருந்தேன். அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் அவன் வீட்டுக்குச் சென்றேனா என்று கேட்பீர்கள். செல்லவில்லை. படலை வரை சென்று திரும்பி வந்தேன். பின்னர் அவன் பள்ளிக்கூடம் வரவேயில்லை.

என்னுள் பேசியது யார்? ஆசிரியனாக எனக்கு அப்பொழுது அனுபவமே இல்லை. திருட்டைக் கண்டறியும் தொழிலிலும் நான் பயின்றவன் அல்லன். அவனுடைய முகத்தில் நான் கண்டது களவு அன்று. அவன் பிறந்த குறிச்சி. சாதியின் பெயரால் மக்களைத் தடுத்து வைத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968ஆம் ஆண்டில் நடைபெற்றது. இவற்றையெல்லாம் படித்தவன் நான். போராடியோரின் பக்கமே நியாயம் என்று பேசியவனுங்கூட. ஆயினும் தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிப் பேணி வைத்த ஊரிலேயே வளர்ந்தேன். அவ்வூர் எனக்குள் குடிபுகுந்து, என் குரலை இரவல் வாங்கிப் பேசிற்று. அதனை அகக்குரல் என்று நான் மயங்கினேன். அஃது அயலார் குரல்.

இதுதான் நாம் அஞ்ச வேண்டிய இடம். அனுபவமும் உள்ளிருந்து பேசும், அச்சமும் பேசும், ஆசையும் பேசும், பிறந்த நாள் தொட்டு ஊட்டப்பட்ட வெறுப்பும் பேசும். எல்லாம் ஒரே வாயாற் பேசுவதால், குரலின் இனிமையையோ உறுதியையோ கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலாது. பின்னர் எவ்வாறு பிரிப்பது?

சோக்கிரதீசர் தம் வழக்கு மன்றத்திலே ஒரு செய்தி கூறினார் என்று பிளேற்றோ எழுதியிருக்கின்றார். சிறுவயது முதலே தமக்குள் ஒரு குரல் கேட்பதுண்டு என்றும், அது தம்மைத் தடுப்பதேயன்றி ஒருபொழுதும் ஏவுவதில்லை என்றும் அவர் சொன்னார். அதாவது, “வேண்டாம்” என்று மட்டும் சொல்லும் குரல். அதுவும் தமக்கு மட்டும் சொல்லும் குரல். இதில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கின்றது என்று கருதுகின்றேன்.

1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள், மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள காவல் நிலையமொன்றிலே, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளைச் செலுத்திவிட்டதென்று செய்மதிக் கருவிகள் அறிவித்தன. அப்பொழுது கடமையில் இருந்தவர் ஸ்ரனிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் சோவியத் அதிகாரி. அவருடைய உள்ளம் “இது பொய்” என்றது. அவ்வாறே மேலிடத்துக்கும் அறிவித்தார். முகில்களிலே தெறித்த சூரிய ஒளியைக் கருவிகள் தவறாகக் கண்டன என்பது பின்னர் தெரியவந்தது. அவர் அக்கருவியின் இயல்பைப் பழகி அறிந்த பொறியியலாளர். உண்மையான தாக்குதல் ஐந்து ஏவுகணைகளோடு தொடங்காது என்ற கணிப்பும் அவருக்கு இருந்தது. அவருடைய குரலும் தடுத்த குரலே. ஓர் இனத்தை எரிக்கச் சொன்ன குரல் அன்று. பொறுக்கச் சொன்ன குரல்.

இதற்கு மறுதலையாக, “இது உண்மை” என்று சாதிக்கும் குரல் எத்துணைப் பெரியோனிடம் எழினும் அதற்குச் சான்று வேண்டும். கணித மேதை இராமானுஜன் தம் முடிபுகளை நாமகிரித் தாயார் அருளியவையாகக் கருதியவர். 1913ஆம் ஆண்டில் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருந்தவற்றுட் பல உலகை வியப்பில் ஆழ்த்தின. ஆயின் பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுட் சில பிழைபட்டன. இரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து, ஒரே உறுதியோடு பிறந்தவை. எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்டியது நிறுவல் ஒன்றே.

ஆகவே நான் கண்ட வழி இது: உன்னை நிறுத்தும் குரலுக்குச் செவி கொடு, பிறர்மேற் பழி சுமத்தும் குரலிடம் சான்று கேள். முன்னது பிழைத்தாற் சிறிது காலம் வீணாகும். சில வேளை ஒரு வாய்ப்பும் நழுவும். பின்னது பிழைத்தால் இன்னொருவன் வாழ்வே வீணாகும். இன்னுமொரு சோதனையும் உண்டு. அதே செயலை, அதே முகத்தை, வேறோர் ஊர்ப் பெயரோடும் வேறொரு குலப் பெயரோடும் எண்ணிப் பார். குரல் மாறுமாயின் அது உன் குரல் அன்று.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே. மகளே, உன் உள்ளம் அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லவில்லை. உன்னைப் பொறு என்றுதான் சொல்கின்றது. இருபத்தாறு ஆண்டுகள் உன்னோடு வாழ்ந்த அனுபவம் அதற்கு உண்டு. உன்னைப் பற்றிப் பேச அதற்கு உரிமையும் உண்டு. ஆயின் அவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எனவே அவசரப்பட்டு “இல்லை” என்றும் சொல்லாதே. அச்சத்தால் “ஓம்” என்றும் சொல்லாதே. தவணை கேள். அவரோடு நேரிற் பேசு. பெற்றோரே, காரணம் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் காரணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆச்சிக்கும் அன்றிரவு காரணம் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர் ஒரு நாள், சனம் நெருக்கிய பஸ் வண்டியொன்றில் ஏறினேன். நடு வயதினர் ஒருவர் எழுந்து நின்றார். “சேர், இருங்கோ” என்றார். இருந்த பின்னரே முகத்தை இனங்கண்டேன். அடுத்த தரிப்பில் அவர் இறங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்க என் வாய் எழவில்லை.

நானும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றேன். ஒரு பிள்ளை.