செல்போன் மேப்பும் என் மகன் வைத்த கடையும்

பக்கத்து வீட்டுப் பையன் பி.காம். இரண்டாம் ஆண்டு. போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து, தொழிலுக்கு இடம் தேர்வு செய்வது பற்றிய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். மூலப்பொருள், சந்தை, போக்குவரத்து, கூலியாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். "இதில் நம்ம ஏர்வாடிக்கு எது பொருந்தும் தம்பி?" என்றேன். "அது பரீட்சையில் வராது தாத்தா" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சுவரில் தொங்கிய பிரான்ஸ் தேசப் படத்தில் சேன், லுவார், ரோன் ஆறுகளைக் குச்சி வைத்துக் காட்டுவேன். ஊரிலேயே ஓடிய அரசலாற்றைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆனால் அதே பிரெஞ்சுக்காரர்களில் மினார் என்று ஒரு எஞ்சினியர் இருந்தார். 1851-இல் 70 வயதில் ஓய்வு பெற்று (நம்ம கட்சி!), அதற்குப் பிறகுதான் பேர் சொல்லும் படங்களை வரைந்தார். பாரிஸுக்கு எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு இறைச்சி போகிறது என்று 1858-இல் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். 1865-இல், தலைமைத் தபால் நிலையத்தை எங்கே கட்டலாம் என்பதற்குப் பாரிஸின் மக்கள்தொகையைப் பகுதிவாரியாகப் படத்தில் வைத்துப் பார்த்தார். வணிகவியல் பாடம் என்றால் இதுதான் என்பேன்.

அவருக்குத் தாளும் மையும் வேண்டியிருந்தது. இன்று கூகுள் மை மேப்ஸ் இருக்கிறது, ஓபன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது, நம் இஸ்ரோவின் புவன் இருக்கிறது. காசு கிடையாது. அன்று மாலையே பையனின் போனில் தர்கா, பஸ் நிற்கும் இடம், லாட்ஜுகள், டீக்கடைகள் எல்லாவற்றையும் தனித்தனி நிறத்தில் குறிக்கச் சொன்னேன். கடைசியில், என் பணிக்கொடைப் பணத்தில் மகனுக்கு வைத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடையையும்.

பதினான்கு மாதத்தில் மூடிய கடை அது. வாடகை குறைவு என்று இடம் பார்த்தவன் நான். பஸ்ஸை விட்டு இறங்கும் ஜனம் தர்காவுக்கும் லாட்ஜுக்கும் நடக்கும் வழி ஒரு பக்கம், கடை இன்னொரு பக்கம். படத்தில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவனுக்குச் சுறுசுறுப்பு போதாது என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன். அவன் இப்போது துபாயில் இருக்கிறான். அந்தப் படத்தை இன்னும் அவனுக்கு அனுப்பவில்லை.

வகுப்பில் செல்போனைக் கொடுத்தால் பிள்ளைகள் சினிமா பார்ப்பார்கள் என்கிறார்கள். பார்க்கட்டும், பத்து நிமிஷம். பிறகு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் எந்தக் கிராமத்திலிருந்து எந்தச் சந்தைக்குப் போகிறது என்று குறித்து வரச் சொல்லுங்கள். அதற்கு இன்டர்னல் மார்க்கும் போடுங்கள்.

மேப்பை மட்டும் நம்பவும் கூடாது. ஏர்வாடி என்று தட்டினால் சில நேரம் திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடிக்கு வழி காட்டுகிறது. கூடையில் கருவாடு விற்கும் அம்மாவுக்கு அதில் புள்ளி இல்லை. தர்காவில் வியாழன் இரவு கூடும் கூட்டமும் அதில் தெரியாது. அதையெல்லாம் காலால் நடந்துதான் எடுக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை பையன் பஸ் நிற்கும் இடத்தில் நின்று தலை எண்ணப் போகிறான். நோட்டு நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.