சட்டம் வந்தது, காவலர் யார்?

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அந்நியர் ஆட்சிக் காலந்தொட்டு அங்கு உலவிவருங் குதிரைகளும் அவை மேயும் புற்றரையும் சட்டத்தின் காவலைப் பெற்றன. மகிழ்ச்சியே. ஆயினும் சட்டம் ஒன்றே நிலத்தைக் காத்துவிடுமா? விடைகாண, இலங்கையின் தென்கோடியிலுள்ள யாலவின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

யாலப் பகுதி 1900ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் முதற் காவலர் நியமனம் பெற்றது 1908இலேதான். அவர் எங்கெல்பிரெக்ற் என்னும் போயர். தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு ஈண்டுக் கொணரப்பட்டவர். 1902இல் போர் முடிந்ததும் கைதிகளிற் பெரும்பாலார் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்து தாயகம் ஏகினர். அவரோ மறுத்தார், ஊர் திரும்பும் வழியும் அடைபட்டது. அம்பாந்தோட்டையில் வறியராய் வாழ்ந்தவருக்குக் காட்டின் காவல் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என ஐயுற்று அவரைச் சிறையிலுமிட்டனர். 1922இல் அம்பாந்தோட்டையிலேயே மறைந்தார். யால 1938இல் தேசிய பூங்காவாயிற்று.

முடிக்கு விசுவாசங் கூற மறுத்த அவர், காட்டுக்கு விசுவாசமாயிருந்தார். அது அவர் பிறந்த மண்ணுமன்று!

நாமோ இம்மண்ணிற் பிறந்தவர்கள். தீவக மாணவர் பலருக்குத் தமிழ் கற்பித்திருக்கிறேன். அவர்களுட் சிறந்தோர் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அவர்களைக் குறைகூறேன், பிழைப்பு அங்ஙனம் இழுக்கிறது. குறை என்னுடையதுமாகும். ஊரைவிட்டு உயர்வதற்கே கற்பித்தேனன்றி, ஊரிலிருந்து உயர்வதற்குக் கற்பித்தேனல்லேன்.

கடுங்கோடையில் நெடுந்தீவின் குளங்கள் வற்றும். குதிரைகள் நீரின்றி மடிவதுமுண்டு. அவ்வேளையில் எந்தத் துரவில் நன்னீர் ஊறும், எந்தக் கல்வேலி சரிந்துள்ளது என்பதை வர்த்தமானி அறியாது. அங்கு வாழ்பவனே அறிவான்.

பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுவேன். விழா நினைவாகக் கல்லில் மற்றுமொரு மண்டபம் எழுப்புதல் நன்றே. ஆயினும், விலங்கியலோ வனவியலோ பயின்று தீவகத்துக்கு மீள இசையும் மாணவன் ஒருவனுக்குப் பொருளுதவி செய்தல் அதனினும் நன்று. இளைய மாணவர்களே, கோடைதோறும் குதிரைகளையும் நீர்நிலைகளையும் கணக்கிட்டு எழுதி வையுங்கள். காவலுக்கு அதுவே முதற்படி.

அந்நியன் ஒருவன் செய்த பணியை, உரியவர்களாகிய நாம் செய்யாதொழிதல் அழகாகுமா?