ஏவுகணையும் ஊர்க்கட்டுப்பாடும்

குற்றம் ஒன்று, தண்டனை ஆளுக்கொன்று!

ஊர்க்கட்டுப்பாடு என்பது நம் நாட்டாருக்குப் புதிய விஷயமல்ல. பெரிய வீட்டார் நாலு பேர் கூடி, இன்ன காரியம் செய்யக்கூடாது, செய்தவனுக்கு வண்ணான் இல்லை, நாவிதன் இல்லை, தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை என்று தீர்மானம் செய்வார்கள். அந்தத் தீர்மானத்திற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதே காரியம் அந்த நாலு பேர் வீட்டில் நடந்தால் அதற்குச் சம்பிரதாயம் என்று பெயர். அவர்கள் சம்பந்தி வீட்டில் நடந்தால் குற்றந்தான், ஆனால் மன்னிக்கத்தக்கது. பக்கத்துத் தெருக்காரன் வீட்டில் நடந்துவிட்டாலோ மகா பாதகம்! உலகத்துப் பெரிய வல்லரசுகள் ஏவுகணை விஷயத்தில் நடத்திவந்த நீதி பரிபாலனமும் இந்த மரத்தடி நியாயத்திற்கு ஒரு நூலிழையும் மேற்பட்டதல்ல என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றோம். ஏவுகணை மனிதரைக் கூட்டங்கூட்டமாய்க் கொல்லுகிற கருவி. அதை யார் செய்தாலும், யார் யாருக்கு விற்றாலும் அதில் நமக்குப் பெருமை இல்லை. அது பரவாமல் தடுப்பது நல்ல காரியம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நல்ல காரியத்தின் பெயரால் நடக்கும் அக்கிரமத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருக்க முடியாது.

கட்டுப்பாடு செய்தவர்கள் யார்?

1987ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, கானடா, ஜப்பான் ஆகிய 7 நாட்டார் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாடு என்ற ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். 500 கிலோ பாரத்தை 300 கிலோமீட்டர் தூரத்திற்குக் கொண்டுபோகக் கூடிய ராக்கெட்டையோ, அதைச் செய்யும் வித்தையையோ வெளியாருக்குக் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம். உலக நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமல்ல இது. இந்த 7 பேரில் 3 பேர் அப்போதே அணுகுண்டு ஏவுகணைகளை அடுக்கி வைத்திருந்தவர்கள். தாங்கள் வைத்திருப்பதைக் கீழே போடுவதாக அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 1990இல் அமெரிக்க சர்க்கார் இதற்கென்று ஒரு சட்டமும் செய்து, கட்டுப்பாட்டை மீறும் அந்நிய ஸ்தாபனங்களைத் தாங்களே தண்டிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நாட்டாண்மையும் அவர்களே, சாட்சியும் அவர்களே, தண்டல்காரனும் அவர்களே!

வாங்கினவனுக்குத் தண்டனை, கொடுத்தவனுக்கு மன்னிப்பு

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

தென் ஆப்பிரிக்காவில் ஆர்ம்ஸ்கோர் என்ற ஆயுத ஸ்தாபனம் 1968இல் ஏற்பட்டது. அது முழுக்க முழுக்க சர்க்காருக்குச் சொந்தம். எந்த சர்க்கார்? தோலின் நிறத்தைப் பார்த்துக் குடியிருக்கும் இடத்தையும், ஏறும் ரயில் வண்டியையும், கலியாணத்தையும் தீர்மானித்த வெள்ளைக்கார நிறவெறி சர்க்கார். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழ்மக்களின் பேரன் பேத்திகளும் அந்தக் கொடுமையில் அகப்பட்டுக் கிடந்தவர்கள்தான். அந்த சர்க்காருக்கு யாரும் ஆயுதம் கொடுக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1977 நவம்பரில் 418ஆம் நம்பர் தீர்மானத்தின் மூலம் கட்டாயத் தடை விதித்தது.

அப்படியிருக்க, 1989 ஜூலையில் தென் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஓவர்பெர்க் என்ற இடத்திலிருந்து ஒரு பெரிய ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பிற்று. அதற்கு ஒத்தாசை செய்தது இஸ்ரேல் என்று அதே வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே செய்தி வெளியாயிற்று. கடைசியில் 1991இல், ஏவுகணைச் சாமான்கள் இஸ்ரேலிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குப் போனது உண்மைதான் என்று அமெரிக்க சர்க்காரே முடிவு செய்தார்கள். சட்டப்படி கொடுத்தவருக்கும் தண்டனை, வாங்கினவருக்கும் தண்டனை.

நடந்தது என்ன? வாங்கின ஆர்ம்ஸ்கோர் மீது தடை விழுந்தது. கொடுத்த இஸ்ரேலுக்கு ஜனாதிபதி புஷ் தமது அதிகாரத்தால் விலக்கு அளித்துவிட்டார். இனிமேல் கட்டுப்பாட்டின்படி நடந்துகொள்வதாக அது ஒரு வாக்குக் கொடுத்தது போதுமாம்!

ஆர்ம்ஸ்கோருக்கு விழுந்த அடிக்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. அது அதற்குத் தகும். ஆனால் அதே பேரேட்டில் எதிர்ப்பக்கத்திலுள்ள பற்றை மாத்திரம் அழித்துவிட்டு ஐந்தொகை சரியாயிருக்கிறது என்று சொல்லுகிற கணக்குப்பிள்ளையை நம் செட்டிநாட்டுக் கடைகளில் எவராவது ஒரு நாள் வைத்துக்கொண்டிருப்பார்களா என்று கேட்கின்றோம்.

இந்த நியாயம் எங்கேயோ கேட்டதாயிருக்கிறதே என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். மனுதர்மம் 8ஆவது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பிராமணனை க்ஷத்திரியன் திட்டினால் 100 பணம் அபராதம். சூத்திரன் திட்டினால் உடம்பில் தண்டனை. பிராமணன் சூத்திரனைத் திட்டினால் 12 பணம். திட்டு ஒன்றுதான்; திட்டின வாய் யாருடையது என்பதுதான் அங்கே வழக்கு. வாஷிங்டன் மனுவுக்கும் நம் நாட்டு மனுவுக்கும் பாஷையைத் தவிர வேறு என்ன பேதம்?

நமது வாசலுக்கு வந்த தடை

ஆர்ம்ஸ்கோர் தீர்ப்பு வந்து ஒரு வருஷங்கூட ஆவதற்குள் அதே சட்டம் இந்தியாவின் வாசலுக்கு வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய இஸ்ரோ, 1991 ஜனவரியில் கிளவ்காஸ்மாஸ் என்ற ருஷிய ஸ்தாபனத்தோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. கிரையோஜெனிக் எஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் வித்தையையும் சுமார் 235 கோடி ரூபாய்க்குக் கொடுப்பதாகப் பேச்சு. 1992 மே மாதத்தில் அமெரிக்கா இரண்டு ஸ்தாபனங்கள் மீதும் 2 வருஷத் தடை விதித்தது. காரணம், அது ஏவுகணைக்கு உதவுமாம்.

உதவுமா? கிரையோஜெனிக் எஞ்சின் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்து ஓடுவது. ஹைட்ரஜன் திரவமாய் நிற்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக் குளிரிலும், ஆக்ஸிஜன் 183 டிகிரிக் குளிரிலும் இருக்க வேண்டும். சற்று சூடு ஏறினாலும் ஆவியாய்ப் பறந்துவிடும். ஆகவே ராக்கெட் கிளம்புவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் ஊற்றுவார்கள். சண்டைக்கு வைத்திருக்கிற ஏவுகணையோ கட்டளை பிறந்த சில நிமிஷத்தில் கிளம்ப வேண்டியது. எதிரியைச் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருப்பார்களா? ஹைட்ரஜன் எஞ்சினை வைத்துப் போர் ஏவுகணை கட்டிய நாடு உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1989 மே மாதத்தில் பறந்த அக்னி ஏவுகணையின் அடித்தட்டு, இஸ்ரோ 1980இல் செயற்கைக்கோள் அனுப்பிய எஸ்.எல்.வி. 3 ராக்கெட்டின் திட எரிபொருள் தட்டிலிருந்து வந்தது. ஆகையால் அந்நியர் சந்தேகப்படுவதில் கொஞ்சமும் நியாயமில்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் சந்தேகம் திட எரிபொருளின் மேல். தடை விழுந்ததோ ஹைட்ரஜனின் மேல்! அன்றியும் இதே வகை எஞ்சினை அதிக விலைக்கு இந்தியாவுக்கு விற்க முன்வந்தவர்களில் ஜெனரல் டைனமிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் ஒன்று. அமெரிக்கன் விற்றால் எஞ்சின், ருஷியன் விற்றால் ஏவுகணையா?

ருஷியாவோ அப்போது சோவியத் ஆட்சி கவிழ்ந்து, கடனுக்குக் கையேந்தி நின்ற காலம். 1993 ஜூலையில் அது பணிந்துவிட்டது. வித்தையைக் கொடுக்க முடியாது, செய்து முடித்த எஞ்சின் தட்டுகள் 7 மாத்திரம் தருகிறோம் என்று ஒப்பந்தம் மாறிற்று. சோறு போடுவோம், சமைக்கக் கற்றுக்கொள்ளாதே என்பதுதான் இதன் பொருள். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட கதையைப் புண்ணிய கதையென்று படிக்கிற நாட்டாருக்கு இது விளங்காமற் போகாது.

தடையை உடைத்தது எது?

தடை விழுந்தபின் மகேந்திரகிரி மலையடிவாரத்திலும் மற்ற இடங்களிலும் நம்மவர்களே அந்த எஞ்சினைச் செய்ய உட்கார்ந்தார்கள். 2010 ஏப்ரல் 15இல் முதல் முறை பறக்கவிட்டபோது எரிபொருள் பம்பு நின்றுபோய் ராக்கெட் கடலில் விழுந்தது. ஏன் நின்றது என்று ஆராய்ந்து, திருத்தி, மறுபடி சோதித்து, 2014 ஜனவரி 5இல் வெற்றி கண்டார்கள். தடை விழுந்து ஏறக்குறைய 22 வருஷம். தப்பு எங்கே என்று கேட்ட மூளையும், திருத்திய கையுந்தான் அந்தத் தடையை உடைத்தன.

ஆனால் நடந்த கூத்தைப் பாருங்கள். பெரிய ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் அதன் சின்ன பொம்மையைத் திருப்பதிக்கு எடுத்துக்கொண்டு போய் வேங்கடாசலபதியின் முன் வைத்து வருவது இஸ்ரோ பெரியவர்களுக்கு வழக்கமாயிருக்கிறது. 2023இல் சந்திரயான் 3க்கும் அது நடந்தது. பம்பு நின்றால் அதற்குப் பொறுப்பாளி எஞ்சினியர். பம்பு ஓடினால் புகழ் பெருமாளுக்கு! அப்படியானால் 1992இல் வந்த தடையை அந்தப் பெருமாள் ஒரு கடிதமெழுதியாவது நீக்கியிருக்கக் கூடாதா?

இன்னொரு கூத்து, இந்த எஞ்சின் வேலைக்குத் தலைமை வகித்த தமிழர் நம்பி நாராயணனுக்கு நேர்ந்தது. ராக்கெட் ரகசியத்தை விற்றாரென்று 1994 நவம்பரில் கேரளப் போலீசார் அவரைப் பிடித்து அடைத்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் மத்தியப் புலனாய்வுத்துறை சொல்லிற்று. 50 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல். அந்நியன் போட்ட தடை 2 வருஷம்; நம்மவர் போட்ட பழி நீங்க 24 வருஷம்!

உள்ளே போன பிறகு

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். வெளியே நின்ற காலத்தில் இந்தக் கட்டுப்பாடு பாரபட்சமானது என்று இந்திய சர்க்கார் உரக்கச் சொல்லிவந்தார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இஸ்ரோவின் கிளைகளும், ஏவுகணை செய்யும் பாரத் டைனமிக்ஸ் என்ற சர்க்கார் கம்பெனியும் மறுபடியும் அமெரிக்கத் தடைப் பட்டியலில் ஏறின. 2011 ஜனவரியில்தான் அவை நீங்கின. 2016 ஜூனில் இந்தியாவையே அந்தக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினராய்ச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டதும் எங்கும் ஒரே கொண்டாட்டம்.

எதற்காகக் கொண்டாட்டம் என்று கேட்கின்றோம். அநீதி ஒழிந்ததற்கா, அல்லது அநீதி செய்கிறவர்கள் பந்தியில் நமக்கும் ஒரு இலை விழுந்ததற்கா? நேற்று வரை தெருவில் நின்றவன், உள்ளே விட்டவுடன் கதவைச் சாத்தித் தாளிடுவானானால், அவன் நேற்றுப் பேசிய நியாயமெல்லாம் பசியின் கூச்சலேயல்லாமல் நியாயமாகாது. இந்தியா அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே படியால் அள. வைத்திருப்பவனும் குறைத்துக்கொள் என்று அங்கே எழுந்து கேட்க வேண்டும். கேட்காதவரையில் நாமும் அந்த மரத்தடிப் பெரிய வீட்டாரில் ஒருவரேயாவோம்.

கடைசியாக நம் ஊராருக்கு ஒரு வார்த்தை. நம் நகரத்தார் கோயில் திருப்பணிக்குக் கொட்டிய பணத்திற்குக் கணக்கில்லை. ஆனால் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948இல் நேரு காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிச் சாலைக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. அந்நியன் வித்தை தரமாட்டேன் என்று சொல்லுகிற நாளில் எந்தக் கோபுரமும் நமக்கு எஞ்சின் செய்து கொடுக்காது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிச் சாலைகளில் படித்த பிள்ளைகள்தான் செய்து கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளிலும் இன்ன ஜாதி உள்ளே, இன்ன ஜாதி வெளியே என்று நாமே ஒரு தடைப் பட்டியல் வைத்துக்கொண்டிருப்போமானால், வாஷிங்டனைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை ஏது? முதலில் நம் படியைச் சரிசெய்வோம். பிறகு உலகத்தின் படியைச் சோதிப்போம்.