முப்பது வருட வில்லங்கமும் அதற்கு முந்தையதும்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து அகரம்தென் போகிற சாலையை ஒட்டி ஒரு மனை விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தேன். புரோக்கர் முதலில் கேட்டது பட்ஜெட்டை அல்ல. “சொந்த ஊர் எது சார்?” என்றார். சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலனி என்று சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், விக்கிறவங்க கேப்பாங்க, அதான்” என்று சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார்.

நான் எழுத வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி அல்ல. பதிலுக்கு நான் கேட்டதைப் பற்றி. “அண்ணே, இது டி.சி. நிலமா?” என்றேன். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர், இதுவரை யாரும் தன்னிடம் இதைக் கேட்டதே இல்லை என்றார். நம்புகிறேன்.

வீடு வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டா இருந்தால் போதுமா? போதாது, பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டால் சொத்து நம்முடையதுதானே? அதுவும் இல்லை. பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்று சொல்லி, தமிழ்நாட்டின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்தே செய்துவிட்டது. பவர் பத்திரத்தை வைத்து வாங்கலாமா? பவர் பத்திரம் மட்டுமே சொத்தை மாற்றிக் கொடுக்காது என்று 2011-லேயே தீர்ப்பு வந்தாயிற்று. செலவு? அரசு வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இவற்றுக்கெல்லாம் எந்த வக்கீலும் பதில் சொல்லிவிடுவார்.

பிறகு முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடச் சொல்வார். வங்கியும் அதைத்தான் கேட்கும். முப்பது வருடத்தில் அடமானம், ஜப்தி, இரட்டைப் பத்திரம் எதுவும் இல்லையென்றால் சொத்து ‘கிளீன்’. என் வக்கீலும் அப்படித்தான் சொன்னார். யாருக்கு கிளீன் என்பதுதான் என் கேள்வி.

சேலையூர் இன்றைக்கு தாம்பரம் மாநகராட்சி. ஆனால் இது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். 1891-ல் அந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாதது மட்டுமல்ல, குடிசை நிற்கிற இடம்கூட அந்த மக்களுக்குச் சொந்தமில்லை என்பதை அதில் பதிவு செய்தார். சேரி மனையும் மிராசுதாரின் பிடியில். கூலி போதாது என்று ஒருவர் வாய் திறந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலோ, முன்னுரிமை எனக்கு என்று மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்தால் அதற்குப் பெயர் அடிமைத்தனம்தான், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் அரசாணை 1010 வந்தது. அதன் வழியே ஒதுக்கப்பட்டவைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதும், வருவாய்க் கணக்கில் டி.சி. என்று குறிக்கப்பட்டதும். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது.

கைமாறிய விதமும் புதிரல்ல. என் அம்மாவின் தாத்தாவுக்கு இருந்த ஒன்றரை ஏக்கர், கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காகப் போனது. ஒரு வெள்ளைத்தாள், ஒரு கைநாட்டு. விற்க முடியாத நிலத்தை எழுதி வாங்குவதற்கு நீண்டகாலக் குத்தகை, பவர், கிரய ஒப்பந்தம் என்று எத்தனையோ வழிகள் இருந்தன. பின்னால் 1980-களில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது வந்தபோது, அனுபவத்தில் இருந்தவர் பெயரே பல இடங்களில் பட்டாவில் ஏறியது. அங்கிருந்து ஒரு கிரயம், அதிலிருந்து இன்னொன்று, பிறகு லே-அவுட், பிறகு மனைகள். கடைசிக் கிரயத்துக்கு முப்பது வருடம் பின்னோக்கிப் போனால் 1990-களில் நின்றுவிடுவோம். கைநாட்டு வாங்கிய நாள் அதற்கும் முந்தையது. வில்லங்கம் பார்க்கிற முறையே அந்த நாளைப் பார்க்காதபடி அமைந்துவிட்டது. யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. இதனால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை என்பதால்தான் யாரும் மாற்றவில்லை என்கிறேன். நஷ்டப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லையே.

இந்த நிலத்தைக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இதே மாவட்டத்தில் நடந்ததுதான். மாமல்லபுரம் பக்கத்திலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியதில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 2019-ல் ‘அசுரன்’ வந்த பிறகு பஞ்சமி நிலம் தொலைக்காட்சி விவாதமானது. ஆனால் சில நாட்களிலேயே அது ஒரு கட்சிப் பத்திரிகை அலுவலகத்தின் மூலப்பத்திரம் எங்கே என்ற சண்டையாகிவிட்டது. மீம் போட்டு நாமும் சிரித்தோம். காரணையின் பெயரை அந்த விவாதங்களில் எத்தனை பேர் சொன்னார்கள்?

கர்நாடகத்தில் 1978-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய நிலத்தை நிபந்தனை மீறி விற்றால் அந்த விற்பனை செல்லாது, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ள ஆரம்பித்தபோது, 2023-ல் திருத்தம் கொண்டுவந்து காலவரம்பு கிடையாது என்றார்கள். அங்கேயும் எல்லா நிலமும் திரும்பிவிடவில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. சமூகநீதியை மூச்சுக்கு மூச்சு பேசுகிற தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. பழைய அரசாணையையும் வருவாய் நிலையாணையையும் வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கிறோம். சர்வே எண் போட்டதும் ‘இது பஞ்சமி நிலம்’ என்று பதிவுத் துறையின் கணினி சொல்லும்படி செய்வது கடினமான வேலை இல்லை. மனமிருந்தால்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐ.டி. சம்பளத்தில் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் மனை தேடும் தோழர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள். வில்லங்கச் சான்றோடு நிற்காதீர்கள். அந்த சர்வே எண்ணுக்கு யு.டி.ஆருக்கு முந்தைய ‘ஏ’ பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மனை எண், புதிய சர்வே எண், பழைய சர்வே எண் என்று பின்னோக்கிப் போக வேண்டும், பொறுமை தேவை. ‘தெரியாமல் வாங்கிவிட்டேன்’ என்ற பேச்சு சட்டத்திலும் பெரிதாக எடுபடாது. நிபந்தனை மீறிய விற்பனையைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்க மறுத்திருக்கிறது. அந்த பயத்தினால் கேட்டாலும் சரி, நியாயத்துக்காகக் கேட்டாலும் சரி. பத்துப் பேர் கேட்டால் புரோக்கருக்கு அது பழகிவிடும். நூறு பேர் கேட்டால் வக்கீலின் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக ஏறும்.

நான் பார்த்த மனை டி.சி. நிலமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பழைய பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன். முப்பது நாள் அவகாசம். பத்தொன்பதாவது நாள் புரோக்கர் போன் செய்தார். “சார், அந்த இடம் முடிஞ்சிடுச்சு. அவங்க இதெல்லாம் கேக்கல.”